டவர் ஏறுவதற்கு ஹார்னஸ் தேர்ந்தெடுப்பது எப்படி

டவர் வேலைக்கு ஹார்னஸ் (விழுந்தால் பிடிப்பதற்காக உடம்பில் மாட்டும் வார் அமைப்பு) வாங்கும்போது பலரும் பட்டை எவ்வளவு தடிமன், மெத்தை எவ்வளவு மென்மை என்று பார்த்துவிட்டுத் திருப்தியடைகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது உலோக வளையங்களை. எத்தனை வளையம் இருக்கிறது, உடம்பில் எந்த இடத்தில் வருகிறது, எது விழுந்தால் பிடிப்பதற்கு, எது சாய்ந்து நின்று வேலை செய்வதற்கு என்ற விவரம் பொருந்தாவிட்டால் மற்ற எந்தச் சிறப்பும் பயன்படாது. மொட்டை மாடி ஓரத்தில் வேலை செய்பவருக்கு முதுகில் ஒரே வளையம் உள்ள சாதாரண ஹார்னஸ் போதும். டவரில் அது போதாது. ரேடியோ டவரில் ஆன்டெனா மாற்றுபவர், கேபிள் கட்டுபவர், விளக்கு பொருத்துபவர் எல்லோரும் இரண்டு கைகளையும் விட்டுவிட்டு நெடுநேரம் சாய்ந்து நிற்க வேண்டியவர்கள். அவர்களுடைய ஹார்னஸ் விழும்போது பிடிக்க வேண்டும்; விழாத நேரமெல்லாம் உடம்பைத் தாங்கவும் வேண்டும்.

இங்கே சொல்வது கருவியைத் தேர்வு செய்வது பற்றி மட்டுமே. ஏறும் முறையை, மேலே மாட்டிக்கொண்டவரை இறக்கும் முறையை, பயிற்சியாளரிடம் நேரில் கற்றுக்கொள்ள வேண்டும்.

வேண்டாதவற்றை முதலில் ஒதுக்குங்கள்

இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட்டைத் தனியாக அணிந்து டவர் ஏறக் கூடாது. அதில் தொங்கும்படி விழுந்தால் முழு விசையும் வயிற்றிலும் முதுகெலும்பிலும் இறங்கும். உடம்பு இரண்டாக மடியும், தலைகீழானால் பெல்ட்டிலிருந்து நழுவியே போகலாம். அமெரிக்காவில் 1998 ஜனவரி 1 முதல், விழுபவரைப் பிடிக்கும் கருவியாக இடுப்பு பெல்ட்டைப் பயன்படுத்துவது பணியிடங்களில் தடைசெய்யப்பட்டிருக்கிறது. பழைய தோல் பெல்ட் என்றால் இன்னும் மோசம். தோல் உள்ளுக்குள் காய்ந்து வெடித்திருப்பது வெளியே தெரியாது.

மலையேற்ற விளையாட்டுக்கான ஹார்னஸும் இதற்கு ஏற்றதல்ல. அது நன்றாக நீளும் கயிற்றோடு சேர்த்துப் பயன்படுத்துவதற்காக வடிவமைக்கப்பட்டது; நீளாத லேன்யார்டின் (ஹார்னஸை டவரோடு இணைக்கும் கொக்கி வைத்த குட்டைக் கயிறு அல்லது பட்டை) உதறலுக்காக அல்ல. பக்கவாட்டு வளையம் கிடையாது, முதுகு வளையம் கிடையாது. இடுப்புக்குக் கீழே மட்டும் பிடிப்பதால், கனமான கருவிப்பையோடு விழுபவர் தலைகீழாகப் புரள வாய்ப்பு அதிகம்.

ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்திய ஹார்னஸை வாங்காதீர்கள். அது எத்தனை முறை விழுந்தவரைப் பிடித்தது, எந்த அமிலம் பட்டது, எத்தனை கோடை வெயிலில் கிடந்தது என்று பட்டையைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு வேலை

முதுகு வளையம் இரண்டு தோள் எலும்புகளுக்கு நடுவே இருக்கும். விழுந்தால் பிடிக்கும் வேலை இதனுடையது. இதில் தொங்குபவர் ஏறத்தாழ நிமிர்ந்த நிலையில், சற்று முன்பக்கம் சாய்ந்து தொங்குவார். ஆனால் டவரில் இந்த வளையத்துக்கு ஒரு குறை உண்டு: லேன்யார்டு முதுகிலிருந்து வருவதால் ஏறும்போது தோளைச் சுற்றி இழுத்து மாட்ட வேண்டும். கொக்கி சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்கவும் தடுமாற்றமாக இருக்கும்.

மார்பு வளையம் அதனால்தான் டவர்காரர்களுக்கு அவசியம். நிலையான ஏணியில் தண்டவாளமோ கம்பிக்கயிறோ பொருத்தியிருந்தால், அதில் ஓடும் பிடிப்பானை மாட்டுவது இந்த வளையத்தில்தான். கண்ணுக்கு எதிரே இருப்பதால் தவறு உடனே தெரியும். அமெரிக்கத் தரப்படி மார்பு வளையத்தில் அனுமதிக்கப்படும் தடையற்ற வீழ்ச்சி (கயிறு இறுகிப் பிடிக்கத் தொடங்கும் முன் விழும் தூரம்) 0.6 மீட்டர்தான், ஐரோப்பியத் தரத்தில் மார்பு வளையமும் முதுகு வளையத்தைப் போலவே சோதிக்கப்படுகிறது. உங்கள் ஹார்னஸின் கையேடு எதைச் சொல்கிறதோ அதையே பின்பற்றுங்கள். ஓடும் பிடிப்பானோடு வரும் குட்டைச் சங்கிலியில் கூடுதலாக ஒரு காராபினரை (திறந்து மூடும் உலோக இணைப்பு வளையத்தை) சேர்த்து நீளமாக்குவது பரவலாக நடக்கும் தவறு. அந்தச் சில சென்டிமீட்டர், பிடிப்பான் இறுகுவதற்கு முன் உடம்பு வேகமெடுக்க இடம் கொடுத்துவிடும். ஹார்னஸ் தொளதொளவென்று இருந்து மார்பு வளையம் முன்னால் இழுபட்டாலும் இதே விளைவுதான்.

பக்கவாட்டு வளையங்கள் இடுப்பின் இரண்டு பக்கமும் வரும். பொசிஷனிங் லேன்யார்டின் இரு முனைகளையும் இவற்றில் மாட்டி, டவரின் காலைச் சுற்றிக் கொடுத்து, பின்னால் சாய்ந்து நிற்கலாம். இந்த வளையங்கள் விழுபவரைப் பிடிப்பதற்கானவை அல்ல. ஒரு பக்க வளையத்தில் மட்டும் லேன்யார்டை மாட்டி விழுந்தால் இடுப்பு பக்கவாட்டில் முறுக்கப்படும். சாயும்போது இரண்டையும் சேர்த்தே பயன்படுத்த வேண்டும்.

வயிற்று வளையம், அதாவது தொப்புளுக்கு அருகே முன்னால் வருவது, கயிற்றில் உட்கார்ந்தபடி இறங்குவதற்கு. ஆன்டெனா தாங்கியின் வெளிமுனையில் தொங்கி வேலை செய்பவருக்கும், மீட்புக்காக இறங்குபவருக்கும் இது வேண்டும். இருக்கைப் பலகை வைத்த ஹார்னஸில் இருக்கையின் இரு ஓரங்களிலும் தனி வளையங்கள் வரும்; அவை உட்கார மட்டும்.

ஆக, ரேடியோ டவருக்கான ஹார்னஸில் முதுகு, மார்பு, இரு பக்கவாட்டு என நான்கு வளையங்களாவது இருக்க வேண்டும். கயிற்று வேலையும் உண்டென்றால் வயிற்று வளையமும் சேர்த்து ஐந்து. ஹார்னஸில் கருவி மாட்டுவதற்கென்று பிளாஸ்டிக்கிலோ மெல்லிய பட்டையிலோ வரும் வளைவுகளை வளையங்களோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அவை சில கிலோ எடைக்கு மட்டுமே.

உங்கள் டவர் எப்படிப்பட்டது

கடைக்குப் போகும் முன் டவரின் அடியில் நின்று அளவெடுங்கள். கொக்கி மாட்டப் போகும் கால், குறுக்குக் கம்பி, ஆங்கிள் ஆகியவற்றின் அகலம் எவ்வளவு? அதில் மிகப் பெரியது எது? ஹார்னஸோடு சேர்ந்து வரும் லேன்யார்டின் கொக்கி பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தோற்கும்.

ஸ்டே கம்பி (சாயாமல் பக்கவாட்டில் இழுத்துக் கட்டும் கம்பி) கட்டிய ஒல்லியான முக்கோண மாஸ்ட் என்றால், அதன் முகமே 30 முதல் 45 சென்டிமீட்டர் அகலம்தான் இருக்கும். காலைச் சுற்றிப் பொசிஷனிங் லேன்யார்டைக் கொடுப்பது எளிது. ஆனால் குறுக்கே வளைந்து போகும் மெல்லிய கம்பிகள் விழும் மனிதரின் விசையைத் தாங்கும் என்று நம்ப முடியாது. நங்கூரமாகக் காலையே பயன்படுத்துங்கள். 22 கிலோ நியூட்டன் (சுமார் 2,200 கிலோ எடையின் விசை) தாங்கும் தையல் வளையப் பட்டையை, குறுக்குக் கம்பி காலோடு பற்றவைக்கப்பட்ட இடத்துக்கு மேலே சுற்றி, அதில் கொக்கியை மாட்டுவது நல்ல முறை. பட்டை கீழே வழுக்காமல் அந்த இணைப்பு தடுத்து நிறுத்தும். இத்தகைய மாஸ்டில் உடம்பு கம்பியோடு ஒட்டியே நகரும் என்பதால், இருக்கைப் பலகையும் தொங்கும் பைகளும் நிறைந்த பெரிய ஹார்னஸ் ஒவ்வொரு கம்பியிலும் சிக்கும். ஒல்லியான ஹார்னஸே இங்கே நல்லது.

ஆங்கிள் இரும்பில் கட்டிய நாலு கால் டவரில் விளிம்புகள் கூர்மையாக இருக்கும். சாதாரணப் பட்டை லேன்யார்டு விழும் விசையில் அந்த விளிம்பின் மேல் இழுபட்டால் அறுந்துவிடலாம். விளிம்புக்கெனச் சோதிக்கப்பட்ட லேன்யார்டு, அல்லது உள்ளே எஃகுக் கம்பி ஓடும் பொசிஷனிங் கயிறு வாங்குங்கள். கயிற்றின் மேல் நகர்த்தக்கூடிய உறை இருந்தால் அது ஆங்கிளின் விளிம்பில் உட்காரும்படி இழுத்துவிட வேண்டும். உறை ஒரு பக்கம் ஒதுங்கிக் கிடக்கக் கயிறு நேரடியாக இரும்பில் உரசுவதை டவர்களில் அடிக்கடி பார்க்கலாம்.

ஒற்றைக் குழாய்த் தூணில் கால் வைத்து ஏறுவதற்கான பக்கவாட்டு முளைகள் மட்டுமே இருக்கும். கொக்கியை முளையில் மாட்டினால் அது வழுக்கி வெளியே வரலாம்; முளையே வளையலாம். இதில் பெரும்பாலும் தூணோடு வரும் கம்பிக்கயிற்று அமைப்பும் மார்பு வளையமும்தான் வழி. அப்படி ஒன்றும் இல்லாத தூணில் ஏறும் முன் வேறு ஏற்பாடு தேட வேண்டும்.

மத்திய அலை (மீடியம் வேவ்) ஒலிபரப்பு மாஸ்ட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் பெரும்பாலும் மாஸ்ட் முழுவதுமே ஆன்டெனா. அடியில் பீங்கான் இன்சுலேட்டர் மேல் நிற்கும் மாஸ்டை, ஒலிபரப்பு ஓடும்போது தரையில் கால் வைத்தபடி தொட்டால் மின்சாரம் உடம்பு வழியே இறங்கும். பண்பலை, தொலைக்காட்சி டவர்களில் ஆன்டெனாவுக்கு அருகே உள்ள ரேடியோ அலை உடம்பைச் சூடாக்கும். எந்த ஹார்னஸும் இதிலிருந்து காக்காது. டிரான்ஸ்மிட்டரை நிறுத்தி, யாரும் தவறுதலாக மறுபடி போட முடியாதபடி பூட்டிய பிறகே ஏற வேண்டும்.

லேன்யார்டு இல்லாமல் ஹார்னஸ் தேர்வு முடியாது

ஹார்னஸையும் அதில் மாட்டுவதையும் ஒன்றாகவே தேர்ந்தெடுங்கள். விழுபவரைக் கொல்வது பெரும்பாலும் திடீரென்று நிற்பதுதான். 100 கிலோ எடையுள்ளவர் 1.8 மீட்டர் விழுந்த பிறகு, நீளாத கயிறு அவரை 10 சென்டிமீட்டருக்குள் நிறுத்தினால் சராசரி விசை 18 கிலோ நியூட்டனுக்கும் மேல். அதே ஆள் 1 மீட்டர் தூரத்தில் மெதுவாக நிறுத்தப்பட்டால் 3 கிலோ நியூட்டனுக்கும் கீழே. ஷாக் அப்சார்பர் செய்வது இந்த ஒரே வேலை: உள்ளே மடித்துத் தைத்த பட்டை கிழிந்து நீண்டு, நிற்கும் தூரத்தைக் கூட்டுகிறது. ஐரோப்பியத் தரம் இந்த விசையை 6 கிலோ நியூட்டனுக்குள் கட்டுப்படுத்தச் சொல்கிறது. அமெரிக்கப் பணியிட விதி 8 கிலோ நியூட்டனை மேல்வரம்பாக வைத்திருக்கிறது. ஷாக் அப்சார்பர் இல்லாத லேன்யார்டை விழுந்தால் பிடிக்கும் வேலைக்குப் பயன்படுத்தாதீர்கள்.

டவரில் ஏற இரட்டைக் கால் லேன்யார்டு வேண்டும். ஒரு கொக்கி மாட்டியிருக்கும்போதே அடுத்ததை மேலே மாட்டி, பிறகு கீழே உள்ளதைக் கழற்றுவீர்கள். ஒரு கணம்கூட இணைப்பு விடுபடாது. இரண்டு காலும் நடுவே ஒரே அப்சார்பரில் சேர வேண்டும். தனித்தனி அப்சார்பருள்ள இரண்டு லேன்யார்டுகளை ஒரே நேரத்தில் மாட்டினால், விழும்போது இரண்டும் சேர்ந்து எதிர்த்து இழுக்கும், உடம்பின் மேல் வரும் விசை கூடிவிடும்.

பயன்படுத்தாத கொக்கியை எங்கே வைப்பது என்பதில் உயிர் போயிருக்கிறது. அதைப் பக்க வளையத்தில் மாட்டிவைத்தால், விழும்போது லேன்யார்டின் அந்தக் கால், அப்சார்பர் விரிவதைத் தடுத்துவிடும். அப்சார்பர் வாங்கியும் இல்லாத கதைதான். நல்ல டவர் ஹார்னஸில் மார்புப் பக்கம் இதற்கென்றே, குறைந்த விசையில் விட்டுக்கொடுக்கும் நிறுத்துப் பட்டை இருக்கும். அது இல்லாத ஹார்னஸை இரட்டைக் கால் லேன்யார்டோடு வாங்க வேண்டாம்.

கொக்கியின் வாய் அளவைப் பாருங்கள். சிறிய ஸ்னாப் ஹூக் சுமார் 18 மில்லிமீட்டர் திறக்கும். ஹார்னஸ் பக்கத்து முனைக்கு மட்டும் அது போதும். ஸ்காஃபோல்டு ஹூக் 50 முதல் 60 மில்லிமீட்டர் வரை திறக்கும். பெரிய ஆங்கிளுக்கு 100 மில்லிமீட்டருக்கு மேல் திறக்கும் கொக்கிகளும் உண்டு. நீங்கள் அளந்த மிகப் பெரிய கம்பியை விழுங்கி, வாய் முழுதாக மூடும் கொக்கியே வேண்டும். பாதி மூடிய வாயோடு மாட்டிய கொக்கி, அல்லது முனை மட்டும் கம்பியில் நிற்கும் கொக்கி, சொன்ன பலத்தில் சிறு பங்கைக்கூடத் தாங்காது. இரண்டு தனித்தனி அசைவு செய்தால் மட்டுமே திறக்கும் வாய் இருக்க வேண்டும். அமெரிக்கத் தரம் வாய்ப் பகுதியே 16 கிலோ நியூட்டன் தாங்க வேண்டும் என்கிறது; பழைய கொக்கிகளில் வாய் அதைவிடப் பலவீனமாக இருந்தது. கொக்கி வளையத்தின் மேல் புரண்டு, வாய் அழுத்தப்பட்டுத் தானே திறந்துகொள்ளும் விபத்துகள் அப்படித்தான் நடந்தன. ஹார்னஸின் ஒரே வளையத்தில் இரண்டு கொக்கிகளை நெருக்கி மாட்டுவதும் இதே ஆபத்தை வரவழைக்கும்.

பொசிஷனிங் லேன்யார்டு வேறு சமாச்சாரம். நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் பிடி உள்ளதை வாங்குங்கள். எடை அதன் மேல் இருக்கும்போதே ஒரு கையால் சரிசெய்ய முடிய வேண்டும். சுமார் 2 மீட்டர் நீளமே பெரும்பாலான டவர்களுக்குச் சரி. கடையிலேயே மாட்டிச் சாய்ந்து, கையுறையோடு பிடியை இயக்கிப் பாருங்கள். கயிற்றை இடுப்பு உயரத்திலோ அதற்கு மேலோ, குறுக்குக் கம்பிக்கு மேலாகக் கொடுத்து, இறுக்கமாக வைக்க வேண்டும். தொய்வு காரணமாக விழக்கூடிய தூரம் 0.6 மீட்டரைத் தாண்டக் கூடாது. இதில் சாய்ந்து நிற்கும்போதும் இரட்டைக் கால் லேன்யார்டில் ஒரு கொக்கி மேலே மாட்டியே இருக்க வேண்டும். பொசிஷனிங் கயிறு எதையும் தாங்கும் என்று நம்பி மற்றதைக் கழற்றுவது டவரில் மரணத்துக்குக் காரணமாகும் பழக்கம்.

விழ எவ்வளவு இடம் வேண்டும்

ஐரோப்பியத் தரப்படி லேன்யார்டும் அப்சார்பரும் சேர்ந்து அதிகபட்சம் 2 மீட்டர். அப்சார்பர் விரிவது அதிகபட்சம் 1.75 மீட்டர். வளையத்திலிருந்து பாதம் வரை 1.5 மீட்டர். பாதுகாப்பு இடைவெளி 1 மீட்டர். கூட்டினால் கொக்கி மாட்டிய இடத்துக்குக் கீழே 6.25 மீட்டர் காலியாக இருக்க வேண்டும். அதாவது காலடியில் கொக்கி மாட்டினால் தரையிலிருந்து முதல் 6 மீட்டர் உயரம் வரை லேன்யார்டு உங்களைக் காப்பாற்றாமல் போகலாம். தரை பக்கம்தானே என்று மெத்தனமாக மாட்டும் உயரம் அதுவே.

டவரில் தரையை மட்டும் கணக்கில் எடுத்தால் போதாது. கீழே உள்ள மேடை, வெளியே நீளும் ஆன்டெனா, ஸ்டே கம்பி கட்டிய தட்டு எல்லாம் தரைதான். அதனால் கொக்கி எப்போதும் தலைக்கு மேலே, கை எட்டும் தூரத்தில். அப்படி மாட்டினால் தடையற்ற வீழ்ச்சியே குறைந்துவிடும், அப்சார்பரும் முழுதாக விரியத் தேவையிருக்காது. வேலை நிமித்தம் காலடியில் மாட்டியே தீர வேண்டும் என்றால், வீழ்ச்சி 3 மீட்டரைத் தாண்டும். சில அப்சார்பர்கள் 1.8 மீட்டர் வீழ்ச்சிக்கு மட்டுமே ஆனவை, 3.6 மீட்டருக்கானவை தனியாக வருகின்றன. லேபிளில் இதைத் தேடிப் படியுங்கள்.

அளவும் தொங்கிப் பார்ப்பதும்

எடையை உடம்போடு நிறுத்தாதீர்கள். காலணி, ஹெல்மெட், கருவிப்பை, கையில் ஏற்றிச் செல்லும் போல்ட், ஆன்டெனா பாகம் எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று தராசில் ஏறிப் பாருங்கள். ஐரோப்பியச் சோதனைகள் நெடுங்காலமாக 100 கிலோ எடையை அடிப்படையாக வைத்தவை. அமெரிக்கத் தரம் 59 முதல் 140 கிலோ வரை. ஹார்னஸ், அப்சார்பர், ஓடும் பிடிப்பான் மூன்றுக்கும் தனித்தனி வரம்பு இருக்கும். மூன்றில் குறைவானதே உங்கள் வரம்பு. கீழ் வரம்பும் முக்கியம்: ஒல்லியானவர் விழும்போது கனமானவருக்கான அப்சார்பர் சரியாக விரியாமல் உடம்பு உதறப்படும்.

போட்டுப் பார்க்கும் வரிசை இது. முதுகு வளையத்தைப் பிடித்துத் தூக்கி உதறுங்கள். வார்கள் தானே பிரியும். தோள் வார்களைச் சட்டை போல மாட்டுங்கள். தொடை வார்களைக் கால்களுக்கிடையே கொண்டுவந்து, முறுக்கு இல்லை என்று விரலால் தடவிப் பார்த்துப் பூட்டுங்கள். பிறகு இடுப்பு, கடைசியில் மார்பு. முதுகு வளையம் தோள் எலும்புகளுக்கு நடுவே வரும்வரை தோள் வார்களைச் சரிசெய்யுங்கள். மார்பு வார் நெஞ்சின் நடுவில் இருக்க வேண்டும். மேலே ஏறினால் விழும்போது கழுத்தை நெரிக்கும், கீழே இறங்கினால் தோள் வார்கள் வெளியே விலகி உடம்பு நழுவும். தொடை வாருக்கும் தொடைக்கும் நடுவே விரித்த கை தட்டையாக நுழைய வேண்டும். மூடிய முட்டி நுழையக் கூடாது. சரிசெய்யும் பக்கிள்கள் எல்லாம் பட்டையின் நடுப்பகுதியில் நின்றால் அளவு சரி. ஏதாவது ஒன்று கடைசி முனைவரை இழுபட்டிருந்தால் வேறு அளவு எடுங்கள். மழைக்கோட்டு போட்டு ஏறும் நாளில் இழுக்க மீதி இருக்காது.

இதற்குப் பிறகு தொங்கிப் பார்க்க வேண்டும், இதைத் தவிர்க்காதீர்கள். உறுதியான உத்தரத்தில் கயிறு கட்டி, பாதம் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கும்படி, பக்கத்தில் ஏறி நிற்க ஒரு ஸ்டூலும் துணைக்கு ஒருவரும் வைத்துக்கொண்டு, முதுகு, மார்பு, வயிற்று வளையம் ஒவ்வொன்றிலும் சில நிமிடங்கள் தொங்குங்கள். பிறகு ஒரு தூணைச் சுற்றிப் பொசிஷனிங் லேன்யார்டைக் கொடுத்து 10 நிமிடம் சாய்ந்து நில்லுங்கள். வேலைக்குப் போடும் உடையும் கருவிப்பையும் உடம்பில் இருக்கட்டும். மார்பு வளையம் தாடை வரை ஏறினால் தோள் வார் தொய்வு அல்லது ஹார்னஸ் பெரிது. தொடை வார் இடுக்கில் அறுத்தால் வடிவமே உங்களுக்குப் பொருந்தவில்லை; இறுக்கினால் சரியாகாது. சாயும்போது இடுப்புப் பட்டை விலா எலும்புக்கு ஏறினால் பக்க வளையங்கள் உயரத்தில் இருக்கின்றன என்று பொருள், அரை மணி நேரத்தில் கீழ்முதுகு வலிக்கத் தொடங்கும். பெண்களுக்கு மார்பு வார் வேறு விதமாக ஓடும் வடிவங்கள் கிடைக்கின்றன; அவற்றையும் தொங்கிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். தொங்கவே விடாத கடையில் வாங்கினால், திருப்பிக் கொடுக்கும் வசதியைக் கேட்டு வாங்குங்கள்.

வலி எடுக்கும் ஹார்னஸ் என்பது சொகுசுக் குறைவு மட்டுமல்ல. வலிக்கிறது என்றால் வார்களைத் தளர்த்துவீர்கள், வேலையை அவசரமாக முடிப்பீர்கள், கொக்கியை எட்டி மாட்டச் சோம்புவீர்கள்.

பக்கிள், பட்டை, உலோகம்

பக்கிள் மூன்று வகை. பெல்ட் போல முள் நுழையும் வகை, தொடையில் ஒருமுறை வைத்த அளவிலேயே நிற்கும்; ஒரே ஆள் பயன்படுத்தும் ஹார்னஸுக்கு நல்லது. தட்டுக்குள் தட்டு நுழைத்துத் திருப்பும் வகை உறுதியானது, ஆனால் எடை இல்லாதபோது பட்டை மெல்ல மெல்லத் தளரும், ஏறும் வழியில் இருமுறையாவது இழுத்துவிட வேண்டும். சட்டென்று பூட்டும் வகை கையுறையோடும் வேலை செய்யும். மண்ணும் பெயின்டும் உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பட்டை பாலியெஸ்டரா நைலானா என்று பாருங்கள். வெளியே வெயிலில் கிடக்கும் டவர் வேலைக்குப் பாலியெஸ்டர் மேல்: வெயிலை நன்றாகத் தாங்கும், தண்ணீரை அதிகம் உறிஞ்சாது, அமிலத்துக்கும் நைலானைப் போல எளிதில் பணியாது. டவர் அறையில் பேட்டரிகள் இருக்கும் என்பதால் அமிலம் பற்றிய கவலை நிஜமானது. முக்கியப் பட்டைகள் குறைந்தது 40 மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்பது ஐரோப்பியத் தரம். தையல் நூல் பட்டையின் நிறத்துக்கு மாறான நிறத்தில் இருக்கட்டும். அறுந்த நூல் அப்போதுதான் கண்ணில் படும்.

அலுமினிய வளையம் எடை குறைவு, நாள் முழுக்க ஏறி இறங்குபவருக்கு அது பெரிய உதவி. கடலோரத்தில் இருக்கும் டவர்களில் மட்டும் அரிப்பை அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள். எஃகோ அலுமினியமோ, உப்புக்காற்றில் சுழலும் பாகங்களும் ஸ்பிரிங்குகளும்தான் முதலில் கெடும்.

லேபிளைப் படிப்பது

ஐரோப்பியத் தரத்தில் டவருக்கான ஹார்னஸில் இரண்டு எண்களாவது இருக்க வேண்டும்: இ.என். 361 முழு உடல் ஹார்னஸுக்கு, இ.என். 358 பக்கவாட்டு வளையங்களோடு கூடிய இடுப்புப் பட்டைக்கு. கயிற்றில் உட்காரவும் என்றால் இ.என். 813. லேன்யார்டுக்கு 354, அப்சார்பருக்கு 355, கொக்கிகளுக்கு 362. அமெரிக்கத் தரத்தில் ஹார்னஸுக்கு இசட்359.11, கொக்கிகளுக்கு இசட்359.12, அப்சார்பருக்கு இசட்359.13. இந்தியத் தரம் ஐ.எஸ். 3521.

ஐரோப்பிய ஹார்னஸில் விழுந்தால் பிடிக்கும் வளையத்தின் அருகே ஆங்கிலப் பெரிய எழுத்து 'ஏ' இருக்கும். அந்த எழுத்தின் பாதி மட்டும் இரண்டு பட்டை வளையங்களில் இருந்தால், இரண்டையும் சேர்த்து ஒரே காராபினரில் கோக்க வேண்டும். ஒன்றில் மட்டும் மாட்டினால் அது பாதிப் பிடிப்பு. தயாரிப்புத் தேதி, வரிசை எண், எடை வரம்பு, அளவு இவற்றில் ஏதாவது ஒன்று இல்லாத ஹார்னஸைத் திருப்பி வைத்துவிடுங்கள்.

தொங்கிய பிறகு

விழுந்தவர் ஹார்னஸில் அசையாமல் தொங்கினால் கால்களில் இரத்தம் தேங்கும். சில நிமிடங்களில் மயக்கம் வரலாம், பிறகு உயிருக்கே ஆபத்து. இடுப்பின் இரு பக்கமும் சின்னப் பையில் மடித்து வைத்த மிதிப் பட்டைகள் இதற்காகத்தான்: அவிழ்த்து, ஒன்றோடொன்று கோத்து, அதில் மிதித்து நின்று கால் தசையை இயக்கலாம். ஹார்னஸில் வராவிட்டால் தனியாக வாங்கிப் பொருத்துங்கள். ஆனால் அது நினைவோடு இருப்பவருக்கு மட்டுமே உதவும். மேலே ஏறும் முன்பே, தொங்குபவரை யார், எந்தக் கயிற்றால், எத்தனை நிமிடத்தில் இறக்குவார் என்று முடிவாகியிருக்க வேண்டும். தனியாக டவர் ஏறக் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் தேவையில்லை.

பார்த்துக்கொள்வதும் ஒதுக்குவதும்

ஒவ்வொரு முறை போடும் முன்பும் பட்டையை ஒரு சாண் நீளமாகப் பிடித்துக் கவிழ்ந்த வில் போல வளைத்து, இரு கைகளாலும் நகர்த்திக்கொண்டே முழு நீளமும் பாருங்கள். வளைக்கும்போதுதான் அறுந்த இழைகள் எழும்பி நிற்கும். பளபளப்பாக, கெட்டியாக ஓர் இடம் தட்டுப்பட்டால் அது வெப்பத்தில் உருகியது. நிறம் மங்கித் தூள் உதிர்ந்தால் வெயில் தின்றது. பெயின்ட், மார்க்கர் மை, கரைப்பான் பட்ட இடங்களைச் சந்தேகத்தோடே பாருங்கள். ஹார்னஸில் பேனாவால் பெயர் எழுதுவதென்றால் லேபிளில் மட்டும். முதுகு வளையத்தின் கீழே மடித்துத் தைத்த அடையாளப் பட்டை சில ஹார்னஸ்களில் இருக்கும். அது கிழிந்து விரிந்திருந்தால் அந்த ஹார்னஸ் ஏற்கெனவே ஒரு வீழ்ச்சியைப் பிடித்துவிட்டது.

தகுதியுள்ள வேறொருவர் 12 மாதத்துக்கு ஒருமுறையாவது முழுதாகச் சோதித்து, தேதியோடு எழுதி வைக்க வேண்டும். அழுக்கானால் மிதமான சோப்பும் 30 டிகிரிக்கு மேல் போகாத தண்ணீரும். நிழலில் தொங்கவிட்டு உலர்த்துங்கள். வண்டியின் பின்புறத்தில் பேட்டரிக்குப் பக்கத்தில் சுருட்டி எறிய வேண்டாம்.

ஒரு முறை விழுந்தவரைப் பிடித்த ஹார்னஸ், விரிந்த அப்சார்பர், லேபிள் படிக்க முடியாமல் போன ஹார்னஸ், தயாரிப்பாளர் சொன்ன ஆண்டு வரம்பைத் தாண்டியது இவை எதுவும் மறுபடி டவர் ஏறக் கூடாது. துணி சார்ந்த கருவிகளுக்குப் பல தயாரிப்பாளர்கள் வைக்கும் மேல்வரம்பு 10 ஆண்டு. பயன்பாடு கடுமையாக இருந்தால் அதற்கு வெகு முன்பே முடிந்துவிடும். ஒதுக்கியதை மூலையில் போடாமல் தோள் வார், தொடை வார் எல்லாவற்றையும் கத்தியால் துண்டித்துவிட்டுக் குப்பையில் போடுங்கள். முழுசாகக் கிடந்தால், அவசர வேலை வரும் நாளில் யாராவது ஒருவர் அதை எடுத்துப் போட்டுக்கொண்டு ஏறிவிடுவார்.